காற்று நின்றால் வரும் கடல்

கடல் என்றால் இரையும், வரும்போது சொல்லிக்கொண்டு வரும் என்று உங்களில் யாராவது நினைத்திருந்தால் இன்றைக்கே அந்த நினைப்பைத் துடைத்துப் போடுங்கள். நம்முடைய வடகடல் வாய் திறக்காது. பதின்மூன்று பெண்களை அதற்குள் நடத்திக் கூட்டிக்கொண்டு போனவள் நான். அதனால் சொல்கிறேன், கேளுங்கள்.

நீங்கள் பாசி எடுக்கப் புதிதாக வந்திருக்கிறீர்கள். உங்களுக்குக் கண்ணாடி இருக்கிறது, கையுறை இருக்கிறது, மோட்டார் படகு பாசி கிடக்கிற இடம்வரை கொண்டுபோய் விடுகிறது. நல்லது, சந்தோஷம். எங்களுக்கு விரலில் சுற்றிய கிழிசல் துணிதான், கால்தான் படகு. ஆனால் தண்ணீர் அதே தண்ணீர்தான். அதன் குணத்தில் ஒரு சொட்டு மாறவில்லை. எனக்குப் படிப்பு என்பது கையெழுத்துப் போடும் அளவுக்குத்தான். ஆனால் இந்தக் கடலை நான் எழுத்துக்கூட்டி வாசித்திருக்கிறேன். முதலில் தப்பாக வாசித்தேன். அந்தத் தப்பைத்தான் சொல்ல வந்தேன்.

நான் பிறந்தது தென்கடல் பக்கம், புதுமடத்துக்கு அருகில். கட்டிக்கொடுத்தது வடகரையில். இரண்டுக்கும் நடுவில் ஒரு பனங்காடு, ஒரு ரயில் தண்டவாளம், அவ்வளவுதான். காலையில் கிளம்பினால் கஞ்சி ஆறுவதற்குள் நடந்துவிடலாம். ஆனால் இரண்டு கடலும் ஒன்றுக்கொன்று பேசாத பங்காளிகள். தென்கடலை ஆண்கடல் என்பார்கள், வடகடலைப் பெண்கடல் என்பார்கள். தென்கடல் ஆழம், பாறை, அலை. கோபம் வந்தால் ஊர் முழுக்கக் கேட்கும். நான் அந்தப் பாறைகளுக்குள் மூன்று பாகம், அதாவது மூன்று ஆள் ஆழத்துக்கு முங்கிப் பாசி பறித்தவள். மூச்சை அடக்கினால் மேலே நிற்பவர்கள் எனக்காக ஜெபம் சொல்ல ஆரம்பித்துவிடுவார்கள்.

அப்படிப்பட்டவளைக் கொண்டுவந்து வடகரையில் விட்டால் எப்படி இருக்கும்? முதல் நாள் கடலைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. ஒரு மைல் நடந்தும் முட்டி நனையவில்லை. சேறும் மணலும் கடல்புல்லும், புல்லுக்கு நடுவில் சிவப்பாகக் கஞ்சிப்பாசியும் கிடந்தது. குனிந்து எடுக்க வேண்டியதுதான்.

"இதுக்குப் பேரு கடலா? எங்க ஊருல இதுல எருமை குளிப்பாட்டுவோம்" என்றேன்.

என் வீட்டுக்காரரின் தங்கை பிலோமிக்கு முகம் சிவந்துவிட்டது. "மதினி, உங்க கடலு கத்துற கடலு. கத்துறவன் அடிக்க மாட்டான். எங்க கடலு வாயே தொறக்காது. பாத்துக்கிடுங்க" என்றாள்.

வாயாடி என்று நினைத்துக்கொண்டேன்.

வந்த இரண்டாம் வருஷமே பெண்கள் என்னை முன்னால் நடக்க விட்டார்கள். முன்னால் நடப்பவள் சொன்ன இடத்தில்தான் மற்றவர்கள் பாசி எடுப்பார்கள், அவள் திரும்பினால்தான் திரும்புவார்கள். எதற்காக என்னை விட்டார்கள் தெரியுமா? கரைக்கும் பாசித் தரைக்கும் நடுவில் நீளமாக ஓர் ஓடை உண்டு. கடலுக்குள்ளேயே கிடக்கும் பள்ளம். ஒரு நாள் அதில் ஒருத்தி தடுக்கி விழுந்து தண்ணீர் குடித்தாள். நான் பாய்ந்து தூக்கினேன். அவ்வளவுதான், "இவளுக்கு நீச்சல் தெரியும், இவளே முன்னால நடக்கட்டும்" என்று முடிவாகிவிட்டது. பதினான்கு பேரில் நீந்தத் தெரிந்தவர்கள் மூன்றே பேர். முட்டித் தண்ணீரில் பிழைப்பவர்களுக்கு நீச்சல் எதற்கு?

நீந்தத் தெரிந்தவளை முன்னால் விட்டது அவர்களுடைய தப்பு. பெருமையாக ஒப்புக்கொண்டது என்னுடைய தப்பு.

எங்கள் வரிசையில் எப்போதும் கடைசியாக நடந்து வந்த ஓர் அக்காவைப் பற்றியும் சொல்ல வேண்டும். சின்ன வயதில் காய்ச்சல் வந்து இரண்டு காதும் போனவர். ஊர் அவரை அந்தக் குறையைச் சொல்லித்தான் கூப்பிட்டது. அந்தப் பெயரை நான் இங்கே சொல்ல மாட்டேன். பேசுவார், ஆனால் அபூர்வமாக. பேசினால் பக்கத்தில் நிற்பவர்கள் திடுக்கிடுகிற மாதிரி உரக்கப் பேசுவார். வடகடலில் அவரைவிடச் சின்ன வயதிலிருந்து நடந்தவள் யாரும் இல்லை. ஆனாலும் காது கேட்காதவளை முன்னால் விடலாமா என்று யாருக்கும் தோன்றவே இல்லை. எனக்கும் தோன்றவில்லை.

வெள்ளைக்காரன் போய் ஏழெட்டு வருஷம் ஆகியிருக்கும். தனுஷ்கோடிக்கு ரயில் போய்க்கொண்டிருந்த காலம். அந்த ஆடியில் கச்சான் காற்று நாலு நாளாக விடாமல் அடித்தது. மேற்கும் தெற்குமாகச் சேர்ந்து வருகிற காற்று அது. கரையிலிருந்து கடலைப் பார்த்து வீசும். கூரை ஓலை பிய்ந்து போனது, சோற்றில் மணல், கண்ணில் மணல். ஆனால் கடல்! ஐயோ, அந்தக் காலையை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். கடலைக் காணோம்! காற்று அதைத் தள்ளிக்கொண்டே போய்விட்டது. ஒரு மைலுக்கும் மேலே தரை பளபளவென்று கிடக்கிறது. நண்டு ஓடுகிறது. இத்தனை வருஷம் தண்ணீருக்கு அடியில் கிடந்த பாசித் தரையெல்லாம் சிவப்புக் கம்பளம் மாதிரி வெளியே வந்துவிட்டது. ஓடையில்கூடக் கணுக்கால் தண்ணீர்தான்.

யாராவது சும்மா இருப்பாளா? பதினான்கு பேரும் சாக்கைத் தூக்கிக்கொண்டு ஓடினோம். பிலோமிக்கு நாலு மாசக் கைக்குழந்தை. பூவரச மரத்தில் தொட்டில் கட்டி, என் மாமியாரைக் காவலுக்கு வைத்துவிட்டு, வயிறு நிறையப் பால் கொடுத்துவிட்டுத்தான் வந்தாள். "உச்சிக்குத் திரும்பிரணும் மதினி, அதுக்கு மேல அவன் தாங்க மாட்டான்" என்றாள். சரி என்றேன்.

ஓடையைத் தாண்டி, பாசித் தரையை அடைந்து, அள்ள ஆரம்பித்தோம். முதுகில் காற்று அடித்துத் தள்ளுகிறது. பக்கத்தில் நிற்பவள் பேசுவது கேட்கவில்லை. எங்களுக்கு அப்பால், கடல் பக்கமாக இன்னும் கொஞ்சம் தள்ளி ஒரு மணல் திட்டு. அதில் யாரோ எப்போதோ வலை கட்டுவதற்கு நட்டுவிட்டுப் போன கம்புகள் வரிசையாக நின்றன. அதுவரைக்கும் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன்.

உச்சிக்குக் கொஞ்சம் முன்னால் காற்று நின்றது.

குறைந்து குறைந்து நிற்கவில்லை. கதவைச் சாத்தியதுபோல நின்றது. நாலு நாளாகக் காதில் இருந்த இரைச்சல் சட்டென்று போனதும் எல்லாரும் நிமிர்ந்து ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தோம். ஒருத்தி தலையைத் தட்டி மணலை உதிர்த்தாள். ஒருத்தி பாடினாள். எனக்கும் நிம்மதி. நான் பிறந்த கடலில் பாடம் அதுதானே! காற்று நின்றால் அலை படுக்கும், அலை படுத்தால் பயமில்லை.

"ஏடி, காத்து செத்துப்போச்சு. இனி நிம்மதியா அள்ளலாம். ஆளுக்கு இன்னும் அரைச் சாக்கு!" என்று கத்தினேன்.

"மதினி, உச்சி வந்துருச்சே" என்றாள் பிலோமி.

"அரைச் சாக்குடி. அள்ளுனதும் போயிரலாம்."

இதுதான் தப்பு. இதற்கு மேல் ஒரு தப்பு இந்தத் தொழிலில் கிடையாது. தாம்பாளத்தில் தண்ணீர் ஊற்றி ஒரு பக்கம் தூக்கிப் பாருங்கள். தண்ணீர் மறுபக்கம் ஓடி நிற்கும். தூக்கிய கையை எடுத்துவிட்டால்? வடகடல் அந்தத் தாம்பாளம். கச்சான் காற்றுதான் தூக்கிப் பிடித்த கை. தென்கடலில் காற்று நிற்பது கடல் தூங்குவதற்கு அடையாளம். வடகடலில் காற்று நிற்பது கடல் திரும்பி வருவதற்கு அடையாளம். தண்டவாளத்துக்கு இந்தப் பக்கம் ஒரு பாடம், அந்தப் பக்கம் நேர் எதிர்ப் பாடம். எனக்கு அது தெரியாது. மற்றவர்களில் தெரிந்தவர்களும் இவ்வளவு தூரத்துக்கு நடந்து வந்ததே இல்லை, முன்னால் நடப்பவள் சொல்கிறாளே என்று குனிந்துவிட்டார்கள்.

யாரோ என் முந்தானையைப் பிடித்து இழுத்தார்கள். காது கேட்காத அக்கா. "இருங்கக்கா, இருங்கக்கா" என்று கையைத் தட்டிவிட்டேன். மறுபடியும் இழுத்தார். மறுபடியும் தட்டிவிட்டேன். மூன்றாம் தடவை அவர் இழுக்கவில்லை. என் தாடையைப் பிடித்து முகத்தைத் தண்ணீர் பக்கமாகக் குனிய வைத்து, கடலே கேட்கிற குரலில் சொன்னார்:

"புல்லு திரும்பிருச்சு!"

பார்த்தேன். கடல்புல் காலையிலிருந்து கடலைப் பார்த்துப் படுத்திருந்தது. இப்போது அத்தனையும் கரையைப் பார்த்துப் படுத்திருக்கிறது, வாரிவிட்ட தலைமுடி மாதிரி. அலையோ நுரையோ சத்தமோ எதுவுமில்லை. எங்கள் காலடியில் ஏறியிருந்தது கணுக்கால் தண்ணீர்தான். ஆனால் திரும்பிக் கரையைப் பார்த்தேன். நாங்கள் தாண்டி வந்த ஓடை நிரம்பி, அகலமாகி, கறுப்பாக நகர்ந்துகொண்டிருந்தது. வடகடல் முன்னால் வந்து மிரட்டாது. பள்ளத்தின் வழியாகச் சுற்றிக்கொண்டு போய், உனக்கும் கரைக்கும் நடுவில் முதலில் உட்காரும்.

எல்லாரும் பார்த்துவிட்டார்கள். "மாதாவே!" என்று ஒரே கூச்சல். சாக்கை இழுத்துக்கொண்டு ஓடையைப் பார்த்து ஓட ஆரம்பித்தார்கள்.

பிள்ளைகளா, இந்த இடத்தை நன்றாகக் கேளுங்கள். எனக்கு அப்போது இருபத்தைந்து வயது. யோசிக்க நேரம் என்பது ஒரு மூச்சு முங்கும் நேரம்தான். கரைக்கு ஓடலாம் என்றால் ஓடையைத் தாண்ட வேண்டும். தாண்டினால் மூன்று பேர் பிழைப்போம். அப்போதுதான் காலையில் பார்த்த அந்தக் கம்புகள் நினைவுக்கு வந்தன. திட்டில் நின்ற கம்புகளில் ஓர் உயரம் வரைக்கும் வெள்ளையாகச் சிப்பிப் பொருக்கு ஒட்டியிருந்தது. அதற்கு மேலே வெறும் மரம். பொருக்கு எதுவரைக்கும் பிடிக்கும்? தண்ணீர் வழக்கமாக எதுவரைக்கும் நிற்குமோ அதுவரைக்கும். அந்தக் கோடு என் இடுப்புக்குச் சற்று மேலே இருந்தது. கடல் தான் விட்டுப் போன இடத்துக்குத்தான் திரும்பி வருகிறது, புதிதாக ஒன்றும் கொண்டுவரவில்லை. வடக்கிலிருந்து வாடைக் காற்று அடித்தால் கோட்டுக்கு மேலேயும் ஏறும், ஆனால் ஆடியில் வாடைக்கு இங்கே வேலை இல்லை.

"கரைக்குப் போகாதிய! கடலுக்கு நடங்க! திட்டுக்கு நடங்க!" என்று கத்தினேன்.

"கிறுக்கு புடிச்சிருச்சா உனக்கு? கரை அங்கன இருக்கு!" என்றாள் ஒருத்தி.

"கரை இருக்கு. நடுவுல எமன் படுத்திருக்கான். திட்டுல இடுப்புத் தண்ணிதான் வரும். என் தாலிமேல சத்தியம், நடங்க!"

யாரும் அசையவில்லை. முதலில் அசைந்தது அக்காதான். நான் சொன்னது ஒன்றும் அவர் காதில் விழவில்லை. நான் காட்டிய கையைப் பார்த்தார், திட்டைப் பார்த்தார், தன் சாக்கைத் தோளில் போட்டுக்கொண்டு கடலைப் பார்த்து நடந்தார். அதைப் பார்த்துத்தான் ஒவ்வொருத்தியாகத் திரும்பினார்கள்.

ஒருத்தியைத் தவிர.

பிலோமி ஓடைக்குள் இறங்கிவிட்டாள். "பால் கட்டிக்கிருச்சு மதினி. அவன் அழுவான். நான் போறேன்" என்று சொல்லிக்கொண்டே போகிறாள். அவளுக்கு நீச்சல் தெரியாது. தொடை, இடுப்பு, மார்பு. நான் தண்ணீரில் பாய்ந்தபோது அவள் தலை ஒரு தடவை மறைந்து எழுந்தது. கொண்டையைப் பிடித்தேன். என் கையைக் கடித்தாள். விடவில்லை. தென்கடல் பாறையில் கற்ற நீச்சல் அத்தனையும் அன்றைக்கு அந்தப் பத்து முழத்துக்குத் தேவைப்பட்டது. மேட்டுக்கு இழுத்துப் போட்டேன்.

"என் புள்ள செத்தா ஒன்னைத்தான் கேப்பேன்! நீதான அரைச் சாக்குன்னே!" என்று கத்தினாள்.

"கேளு. ஆனா அவனுக்குப் பசிதான்டி. பசிச்ச புள்ள அழும். அழுற புள்ள உசுரோட இருக்கும். நட!"

அடித்து ஓட்டிக்கொண்டுதான் போனேன், சொல்ல வெட்கமில்லை.

திட்டில் போய் என்ன செய்தோம் என்றால், ஈரப் பாசி நிறைந்த சாக்குகளைக் கம்புகளுக்கு நடுவில் அடுக்கினோம். ஈரப் பாசிச் சாக்கு கல் மாதிரி கிடக்கும், தண்ணீர் தள்ளாது. குட்டையானவர்களை அதன்மேல் ஏற்றினோம். மற்றவர்கள் ஒருவர் இடுப்பை ஒருவர் பிடித்துக்கொண்டு கம்புகளைச் சுற்றி நின்றோம். தண்ணீர் வந்தது. எப்படி வந்தது என்கிறீர்கள்! பாலில் உறை ஊற்றியதுபோல, அசைவே தெரியாமல். முட்டி. தொடை. சுற்றிலும் கண்ணாடி. நான் கம்பையே பார்த்துக்கொண்டிருந்தேன். பொருக்குக்கு நாலு விரல் கீழே. மூன்று விரல். பிலோமி என் பக்கத்தில்தான் நின்றாள், முகத்தைத் திருப்பிக்கொண்டு. அவள் மாரில் பால் கசிந்து ரவிக்கையை நனைத்து, கடலோடு கலந்து போய்க்கொண்டிருந்தது. அதை நான் பார்க்கக் கூடாது என்று பொருக்கைப் பார்த்தேன். இரண்டு விரல். ஒரு விரல்.

கோட்டைத் தொட்டது.

"நின்னுருச்சா?" என்றாள் சாக்குமேல் நின்றவள்.

"பொறு."

நூறுவரை எண்ணத் தெரிந்தவள் எங்களில் ஒருத்திதான். அவளை எண்ணச் சொன்னேன். மூன்று தடவை நூறு எண்ணினாள். தண்ணீர் கோட்டிலேயே நின்றது. ஒரு நெல்மணி அளவுகூட ஏறவில்லை! எனக்கு வந்த சந்தோஷத்தில் அந்தக் கம்பை முத்தமிட்டேன். உதட்டில் பொருக்கு கிழித்து ரத்தம் வந்தது. எல்லாரும் சிரித்தார்கள். மாலைக்குள் கச்சான் மறுபடியும் எழும்பினால் நடந்தே போய்விடலாம் என்று நான் கணக்குப் போட்டேன்.

தூரத்தில் ஒரு பெரிய பாய்மரப் படகு, வத்தை என்போமே அது, தெரிந்தது. காற்று இல்லாததால் பாய் தொங்கிப்போய் அசையாமல் கிடந்தது. ஒருத்தியின் சிவப்புச் சேலையைக் கம்பில் கட்டி ஆட்டினோம். வெகுநேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு அதில் இருந்த நாலு பேரும் நீளக் கோலை எடுத்துத் தரையில் ஊன்றித் தள்ள ஆரம்பித்தார்கள். ஊன்றி ஊன்றி, வெயில் சாயும் நேரத்துக்கு வந்து சேர்ந்தார்கள். பக்கத்து ஊர் முஸ்லிம் ஆட்கள். பெரியவரை அவர்கள் வழக்கப்படி காக்கா, அதாவது அண்ணன், என்றுதான் கூப்பிடுவோம்.

"யா அல்லா! என்னம்மா, நடுக்கடல்ல சந்தை போட்டிருக்கிய?" என்றார்.

"ஆமா காக்கா, மீனு கொண்டாந்தியளா?" என்றாள் சாக்குமேல் நின்றவள்.

"வாய்க்கு ஒண்ணும் கொறச்சலில்ல. ஏறுங்க. மூட்டைய விடுங்க."

"மூட்டைய விடவா? இம்புட்டு நேரம் எங்களைத் தூக்கி வச்சிருந்ததே அதுதான்!"

சிரித்துக்கொண்டே சாக்குகளைக் கம்போடு கட்டிவிட்டு ஏறினோம். கடைசியாக நான் ஏறினேன். ஏறுவதற்கு முன்னால் தலைகளை எண்ணினேன். பதின்மூன்று. என்னைச் சேர்த்துப் பதினான்கு.

பிலோமி வத்தையின் முன்முனையில் போய் நின்றுகொண்டாள். வத்தைக்குள் நான் அக்காவின் பக்கத்தில் போய் உட்கார்ந்து, நாளையிலிருந்து நீங்கள் முன்னால் நடக்க வேண்டும் என்று கையால் காட்டினேன். அவர் மாட்டேன் என்று தலையாட்டினார். பிறகு என்னைத் தொட்டு முன்னால் கையைக் காட்டினார், தன்னைத் தொட்டு எனக்குப் பக்கத்தில் காட்டினார். அப்படித்தான் பதினோரு வருஷம் நடந்தோம். அவர் குனிந்து புல்லைப் பார்ப்பார், நான் திரும்பிக் கரையைப் பார்ப்பேன். முன்னால் நடக்கிறவளுக்கு நான் சொல்ல வேண்டியது இதுதான்: உன் முந்தானையை இழுக்கிற கையைத் தட்டிவிடாதே. முதல் இழுப்பிலேயே திரும்பு. நான் மூன்றாம் இழுப்பில்தான் திரும்பினேன், அதற்கான கூலியைக் கரையில் வாங்கிக்கொண்டேன்.

முட்டித் தண்ணீர் வந்ததுமே பிலோமி குதித்து ஓடினாள். பூவரச மரத்தடியில் என் மாமியார் குழந்தையைத் தோளில் போட்டு உலாத்திக்கொண்டிருந்தாள். சீனித் தண்ணீரைத் துணியில் நனைத்துச் சப்பக் கொடுத்திருக்கிறாள். அழுது அழுது அவனுக்குக் குரலே கம்மிவிட்டது. ஆனால் அழுகிறான்! அந்தச் சத்தம் எனக்குக் கோயில் மணி மாதிரி கேட்டது.

பிலோமி பிள்ளையை வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். பால் கொடுக்க உட்காருவாள் என்று பார்த்தால், நேரே என்னிடம் நடந்து வந்தாள். ஊரே நிற்கிறது. என் மாமியார் நிற்கிறாள், வத்தைக்காரர்கள் நிற்கிறார்கள். ஓங்கி என் கன்னத்தில் ஓர் அறை விட்டாள். மூத்தவள், அண்ணன் பெண்டாட்டி என்று பார்க்கவில்லை.

"ஏடி!" என்று பாய்ந்தாள் மாமியார். கையைக் காட்டி நிறுத்தினேன். எனக்குச் சேர வேண்டியதுதானே அது. அந்த அறையைத் திருப்பித் தராத பெருமை இன்றைக்கும் எனக்கு உண்டு.

பிலோமி அந்த இடத்திலேயே மணலில் உட்கார்ந்து, பிள்ளையை மடியில் சாய்த்துப் பால் கொடுத்தாள். நாலு வாய் அவன் விழுங்கிய சத்தம் எனக்குக் கேட்டது. இனி நான் நிற்க வேண்டாம் என்று நகர்ந்தேன்.

"எங்க போற மதினி?" என்றாள், தலையைத் தூக்காமலே. "அசையாம அங்கனயே நில்லு. புள்ள கண்ணுல வெயிலு படுது."

நின்றேன். அவன் வயிறு நிறைகிறவரைக்கும் நின்றேன்.